ஸ்லைடைக் காதால் படிப்பவர்கள்: இணையவழிப் பாடமும் மாற்றுத்திறனாளி மாணவர்களும்

ஊத்துக்குளி, திருப்பூருக்கும் ஈரோட்டுக்கும் நடுவில் இருக்கிற ஊர். இங்கிருந்து கல்லூரிக்குப் போகிறவர் ரயிலோ பஸ்ஸோ பிடித்துத்தான் போகணும். கை கால் நன்றாக இருப்பவருக்கே காலை நேரத்து பஸ்ஸில் ஏறுவது ஒரு வேலை. சக்கர நாற்காலியில் இருப்பவருக்கும் வெள்ளைக்கோல் பிடித்து நடப்பவருக்கும் அது எப்படி இருக்கும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. இணையவழிப் படிப்பு பரவலானபோது அதிகம் சந்தோஷப்பட்டிருக்க வேண்டியவர்கள் இவர்கள்தான். என்பிடெல், ஸ்வயம், தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம், 2022-இல் தொடங்கிய நான் முதல்வன் என்று இன்றைக்கு வழிகள் நிறைய. வீட்டிலிருந்தே படிக்கலாம், பனியன் கம்பெனியில் ஷிப்ட் முடித்து வந்தும் படிக்கலாம்.

ஆனால் அந்தப் பாடங்களில் பெரும்பகுதி ஸ்லைடாகத்தான் வருகிறது. பஸ்ஸின் படிக்கட்டு போய், அதே மாதிரி ஒரு படிக்கட்டு ஃபைலுக்குள் வந்துவிட்டது. அது எங்கே இருக்கிறது, எப்படி எடுப்பது என்பதுதான் இந்தக் கட்டுரை. இதில் முக்கால்வாசி எல்லா மொழிக்கும் பொதுவானது. கால்வாசி தமிழுக்கே உரிய சிக்கல், அதை யாரும் அவ்வளவாக எழுதுவதில்லை. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

எழுத்து மாதிரி தெரிவதெல்லாம் எழுத்து அல்ல

பார்வையற்ற மாணவர் கணினியில் திரைவாசிப்பான் வைத்திருப்பார். விண்டோஸில் இலவசமாகக் கிடைக்கும் என்விடிஏ அதில் ஒன்று. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த, பார்வையற்றவரான மைக்கேல் கர்ரன் 2006-இல் தொடங்கியது. ஆண்ட்ராய்டு போனில் டாக்பேக் இருக்கிறது. இவை திரையில் உள்ள எழுத்தைக் குரலாக மாற்றித் தரும். தமிழும் படிக்கும்.

ஆனால் திரைவாசிப்பானுக்கு எழுத்தின் வடிவம் தெரியாது. அந்த எழுத்துக்குப் பின்னால் உள்ள குறியெண் மட்டும்தான் தெரியும். நம்ம ஊர் டிடிபி சென்டர்களில் இன்னமும் பாமினி மாதிரியான பழைய எழுத்துருக்களில் அடிக்கிறார்கள். அந்த முறையில் ஆங்கில எழுத்துக்களின் குறியெண்ணுக்கே தமிழ் உருவத்தைப் போட்டு வைத்திருப்பார்கள். பாமினியில் ‘தமிழ்’ என்று அடித்தால் உள்ளே பதிவாவது ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. கண்ணுக்குத் ‘தமிழ்’, காதுக்கு ‘ஜேகேபிஓ’ என்று ஏதோ ஓர் ஆங்கிலச் சத்தம். நாற்பது ஸ்லைடும் இப்படியே போனால் அந்த மாணவர் என்ன செய்வார்? மூடி வைத்துவிடுவார். வேறு வழியில்லை.

இதே ஃபைலை அந்த எழுத்துரு இல்லாத போனில் திறந்தால், பார்வை உள்ளவருக்கும் ஆங்கிலக் குப்பைதான் தெரியும். அந்த அனுபவம் நம்மில் பலருக்கும் இருக்கும். நமக்கு எப்போதாவது நடப்பது அவர்களுக்கு ஒவ்வொரு முறையும் நடக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

தீர்வு யூனிகோடு. தமிழ் 1991-இல் வந்த முதல் பதிப்பிலிருந்தே யூனிகோடில் இருக்கிறது. கோவையில் செம்மொழி மாநாடு நடந்த 2010 ஜூனில் தமிழ்நாடு அரசு யூனிகோடையும் டேஸ்16 முறையையும் தரமாக ஏற்று ஆணையிட்டது. அதற்கப்புறமும் பழைய பாடக் குறிப்புகள் பாமினியிலும் வானவில்லிலுமே சுற்றிக்கொண்டிருக்கின்றன. அவற்றை மறுபடி அடிக்க வேண்டாம். என்எச்எம் கன்வெர்ட்டர் மாதிரியான மாற்றிகள் இலவசமாக உள்ளன; ஒட்டினால் யூனிகோடாக மாற்றித் தரும். மாற்றிய பிறகு ஒருமுறை வாசித்துப் பார்த்துவிட வேண்டும்.

யூனிகோடில் அடித்தாலும் சில பழக்கங்கள் காதைக் குழப்பும். ‘ஔவை’ என்று ஒரே எழுத்தாக அடிக்காமல் ‘ஒ’வும் ‘ள’வும் சேர்த்து ‘ஒளவை’ என்று அடிக்கிறோம். பார்க்க ஒன்றுதான், திரைவாசிப்பான் ‘ஒ-ள-வை’ என்று படிக்கும். தலைப்பு அழகாக விரிந்து தெரியணும் என்று ‘தி ரு ப் பூ ர்’ என்று இடைவெளி விட்டு அடித்தால், ஐந்து தனி எழுத்தாகப் படிக்கும். இடைவெளி வேண்டுமானால் எழுத்துரு அமைப்பில் கூட்டலாம். ஸ்பேஸ் பட்டனால் கூடாது.

இன்னொன்று ஸ்கிரீன்ஷாட். புத்தகப் பக்கத்தைப் போனில் படம் பிடித்து ஸ்லைடில் ஒட்டுவது ரொம்ப சகஜம். அது படம். அதில் எத்தனை வரி இருந்தாலும் திரைவாசிப்பான் சொல்லுவது ‘படம்’ என்ற ஒரு சொல்தான்.

தலைப்பும் கட்டமும்

பவர்பாயிண்டில் ஒவ்வொரு ஸ்லைடுக்கும் தயாராக ஒரு அமைப்பு வரும். தலைப்புக்கு ஒரு கட்டம், விஷயத்துக்கு ஒரு கட்டம். பல பேர் அதை அழித்துவிட்டு, வெறும் ஸ்லைடில் டெக்ஸ்ட் பாக்ஸ் போட்டு எழுதுகிறார்கள். கண்ணால் பார்ப்பவருக்குப் பெரிய எழுத்தில் மேலே இருந்தால் அது தலைப்பு. திரைவாசிப்பானுக்கு அது இன்னொரு பெட்டி, அவ்வளவே. பார்வை உள்ள மாணவர் ஸ்லைடுகளைச் சரசரவென்று தள்ளித் தனக்கு வேண்டியதைப் பிடிக்கிற மாதிரி, பார்வையற்றவர் தலைப்புகளை மட்டும் கேட்டுக்கொண்டே போய்ப் பிடிப்பார். தலைப்பு இல்லாத ஐம்பது ஸ்லைடு, பக்க எண்ணும் பொருளடக்கமும் இல்லாத புத்தகம்.

இதைச் சோதிக்க ஒரு நிமிஷம் போதும். வியூ பகுதியில் அவுட்லைன் வியூவைத் திறந்து பாருங்க. உங்க பாடம் அங்கே வரிசையாகத் தெரிந்தால் சரி. ஸ்லைடு எண் மட்டும் தெரிந்து பக்கத்தில் வெறுமையாக இருந்தால், எல்லாம் தனிப் பெட்டியில் எழுதப்பட்டிருக்கு என்று பொருள். தலைப்புகள் ஒன்றுக்கொன்று வேறாக இருப்பதும் முக்கியம். நாலு ஸ்லைடுக்கும் ‘அலகு 2 – தொடர்ச்சி’ என்றே இருந்தால் எது எது என்று எப்படித் தெரியும்?

காம்பாக்டிங் எப்போது நடக்கிறது?

அடுத்தது வாசிப்பு வரிசை. இதை நம்ம ஊர் உதாரணத்திலேயே பார்க்கலாம். ஆடைத் தயாரிப்பு பற்றி ஒரு பாடம். ஒரு ஸ்லைடில் பனியன் உருவாகும் படிகளை ஆசிரியர் கட்டம் கட்டமாகப் போடுகிறார்: நூல், நிட்டிங், டையிங், கட்டிங், ஸ்டிச்சிங், செக்கிங், அயர்னிங், பேக்கிங். போட்டு முடித்த பிறகுதான், டையிங்குக்கும் கட்டிங்குக்கும் நடுவே காம்பாக்டிங் விட்டுப்போனது ஞாபகம் வருகிறது. கட்டங்களை நகர்த்தி, நடுவில் ஒன்றைச் சொருகிவிடுகிறார். பார்க்கச் சரியாக இருக்கிறது.

திரைவாசிப்பான் இடம் பார்த்துப் படிப்பதில்லை. பெரும்பாலும் எந்த வரிசையில் சேர்த்தோமோ அந்த வரிசையில் படிக்கும். கடைசியாகச் சேர்த்த காம்பாக்டிங் கடைசியாகத்தான் வரும். துணியைச் சுருங்காதபடி அழுத்திச் சரிசெய்கிற வேலை, பெட்டியில் அடைத்த பிறகு நடக்கிறது என்று அந்த மாணவர் புரிந்துகொள்வார். ஒன்றுமே கேட்காமல் போனாலாவது ஏதோ குறைகிறது என்று தெரியும். இங்கே தவறான பாடம் தெளிவாகக் கேட்கிறது. தேர்விலும் அதையே எழுதுவார், மதிப்பெண் போகும். தப்பு எங்கே நடந்தது என்று அவருக்கும் தெரியாது, ஆசிரியருக்கும் தெரியாது.

சரிசெய்வது சுலபம். ஆல்ட் விசையோடு எஃப்10 அழுத்தினால் செலக்‌ஷன் பேன் திறக்கும். ஸ்லைடில் உள்ள எல்லாப் பொருளும் அதில் பட்டியலாக இருக்கும். ஒன்றை மட்டும் ஞாபகம் வைக்கணும்: அந்தப் பட்டியல் கீழிருந்து மேலாகப் படிக்கப்படும். தலைப்பு அடியில் இருக்க வேண்டும். புதிய பதிப்புகளில் ரீடிங் ஆர்டர் பேன் என்று தனியாகவே உண்டு. அதில் மேலிருந்து கீழாக வரிசை. இழுத்து வைத்தால் வேலை முடிந்தது. அம்புக்குறிகளை அலங்காரம் என்று குறித்துவிட்டால், ஒவ்வொரு கட்டத்துக்கும் நடுவில் ‘வலது அம்பு, வலது அம்பு’ என்று கேட்டுச் சலித்துப்போக வேண்டியதில்லை. இதைவிட எளிய வழியும் இருக்கு: படிகளை 1, 2, 3 என்று எண்ணிட்ட பட்டியலாகவே எழுதிவிடுவது.

படத்துக்கு என்ன எழுதுவது?

படத்தின் மேல் வலது கிளிக் செய்தால் மாற்று உரை எழுத ஓர் இடம் வரும். அங்கே நாம் எழுதுவதைத்தான் திரைவாசிப்பான் படிக்கும். எழுதாவிட்டால் பெரும்பாலும் ஃபைல் பெயரையோ, வெறுமனே ‘படம்’ என்றோ சொல்லும். சில சமயம் மென்பொருள் தானாகவே ஓர் ஊகத்தை எழுதி வைக்கும். நிட்டிங் மெஷின் படத்துக்கு ‘உட்புறத்தில் ஓர் இயந்திரம்’ என்று அது எழுதினால் பொய் இல்லை, ஆனால் பாடமும் இல்லை.

எவ்வளவு எழுதணும் என்பது பாடத்தைப் பொறுத்தது. நிட்டிங் பற்றிய பாடம் என்றால், ‘வட்ட நிட்டிங் மெஷின். கோன்களிலிருந்து வரும் நூல் நடுவில் உள்ள ஊசி வட்டத்துக்குள் போகிறது. பின்னிய துணி குழாய் வடிவில் கீழே சுற்றப்படுகிறது’ என்று எழுதலாம். அதே படம் தொழிலாளர் பாதுகாப்பு பற்றிய பாடத்தில் வந்தால், மெஷின் பக்கத்தில் நிற்பவர் முகக்கவசம் போட்டிருக்கிறாரா என்பதுதான் விஷயம். படத்தில் உள்ளதையெல்லாம் எழுத வேண்டாம். அந்தப் படத்தை ஏன் வைத்தோம் என்பதை எழுதினால் போதும். காரணமே இல்லாமல் ஓரத்தில் வைத்த பூ, கார்ட்டூன் எல்லாம் அலங்காரம் என்று குறித்துவிடலாம். எடுத்தே விட்டால் இன்னும் நல்லது.

வரைபடம் என்றால் அது சொல்லும் சேதியை ஒரு வரியில் எழுதிவிட்டு, எண்களைப் பக்கத்தில் சின்ன அட்டவணையாகத் தரலாம். கணிதச் சமன்பாடுகளைப் படமாக ஒட்டாமல் ஈக்வேஷன் வசதியில் எழுதினால், அதைக் குரலாக மாற்ற வழி உண்டு. படத்துக்கு அந்த வழி கிடையாது.

நிறமும் அளவும்

மேலே சொன்ன பனியன் ஸ்லைடில், கம்பெனிக்குள்ளேயே நடக்கிற வேலைகளைப் பச்சையிலும், ஜாப் ஒர்க்குக்கு வெளியே கொடுக்கிறவற்றைச் சிவப்பிலும் போட்டிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். சிவப்பு-பச்சை பிரித்தறிய முடியாதவர்கள், அதிலும் ஆண்கள், எல்லா வகுப்பிலும் ஓரிருவர் இருக்கக்கூடும். அவர்களுக்கு எல்லாக் கட்டமும் ஒரே மாதிரிதான். நிறம் இருக்கட்டும், கூடவே ‘ஜாப் ஒர்க்’ என்று எழுதியும் விடுங்க. சாயம் போடுகிற ஊரில் இதைச் சொல்ல வேண்டியதில்லை: ஷேடு கார்டில் நிறத்தோடு ஓர் எண்ணும் இருக்கும். நிறம் ஒவ்வொருத்தர் கண்ணுக்கு ஒவ்வொரு மாதிரி. எண் எல்லோருக்கும் ஒன்றுதான்.

குறைபார்வை உள்ளவர்களுக்கு எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வேறுபாடு முக்கியம். உலக அளவில் பின்பற்றப்படும் டபிள்யூசிஏஜி விதிகள் சாதாரண எழுத்துக்கு 4.5:1, பெரிய எழுத்துக்கு 3:1 என்று குறைந்தபட்ச வேறுபாட்டைச் சொல்கின்றன. இதைக் கணக்கிட்டுச் சொல்லும் இலவசக் கருவிகள் உண்டு. வெள்ளையில் மஞ்சள், நீலத்தில் சிவப்பு இரண்டும் தேறாது.

தமிழ் எழுத்துக்கு ஒரு தனித் தேவையும் இருக்கு. ‘க’வுக்கும் ‘க்’குக்கும் நடுவில் ஒரு புள்ளிதான் வித்தியாசம். ‘ன’, ‘ண’ சுழியில்தான் வேறுபடும். போன் திரையில், சுருங்கிய வீடியோவில், தடித்த எழுத்தில் இந்தச் சுழிகள் அடைத்துக்கொள்கின்றன. அதனால் ஆங்கில ஸ்லைடுக்குப் போதுமான அளவு தமிழுக்குப் போதாது. 24 புள்ளிக்குக் கீழே போகாமல் இருப்பது நல்லது. இடம் போதவில்லை என்றால் எழுத்தைச் சுருக்காமல் இன்னொரு ஸ்லைடு போடுங்க. கற்றல் குறைபாடு உள்ள மாணவர்களுக்கும் நெருக்கியடித்த ஸ்லைடைவிட நாலு வரி ஸ்லைடுதான் எளிது. மின்னி மின்னி வரும் அனிமேஷன் வேண்டாம். ஒரு நொடியில் மூன்று முறைக்கு மேல் பளிச்சிடுவது வலிப்பு உள்ளவர்களுக்கு ஆபத்து.

நேரலை வகுப்பில்

இது பலருக்கும் தெரியாத விஷயம். ஜூமிலோ மீட்டிலோ ஸ்கிரீன் ஷேர் செய்யும்போது மாணவருக்குப் போவது வீடியோ. ஸ்லைடை எவ்வளவு ஒழுங்காகச் செய்திருந்தாலும், திரைவாசிப்பானால் அதைப் படிக்க முடியாது. அதனால் ஃபைலை வகுப்புக்கு முன்னாலேயே அனுப்பிவிடணும். அதற்கு ஒரு வாட்ஸ்அப் மெசேஜ் போதும். ‘முன்னாலேயே குடுத்தா கிளாஸுக்கு வர மாட்டாங்க’ என்று சிலர் சொல்லுவார்கள். அந்தப் பயத்துக்காக, வந்து உட்கார்ந்திருக்கிற ஒருவர் ஒன்றும் தெரியாமல் கேட்டுக்கொண்டிருக்கணுமா?

பேச்சிலும் ஒரு சின்ன மாற்றம் வேண்டும். ‘இங்க பாருங்க, இது இப்படிப் போகுது, இது அங்க வருது’ என்கிற வாக்கியத்தில் பார்க்க முடியாதவருக்கு ஒன்றுமில்லை. ‘நூல் நிட்டிங்குக்குப் போகுது, துணி டையிங்குக்கு வருது’ என்று சொன்னால் எல்லோருக்கும் புரியும். போனில் டேட்டா தீர்ந்து குரலை மட்டும் கேட்கிற பையனுக்கும் சேர்த்துத்தான்.

காது கேளாத மாணவருக்கு நிலைமை தலைகீழ். ஸ்லைடு தெரியும், விளக்கம் கேட்காது. பதிவு செய்த வகுப்புக்கு வசன வரி போடுவது முதல் வேலை. தானியங்கி வசன வரிகள் கலைச்சொற்களைத் தப்பும் தவறுமாக எழுதும். ஒருவர் உட்கார்ந்து திருத்தணும். சைகை மொழியில் வளர்ந்தவர்களுக்குத் தமிழ் இரண்டாவது மொழி என்பதையும் மறக்கக் கூடாது. சைகை மொழிக்குத் தனி இலக்கணம் உண்டு. நீண்ட கூட்டு வாக்கியத்தைவிடச் சின்ன வாக்கியம் அவர்களுக்கு உதவும். டெல்லியில் உள்ள இந்திய சைகை மொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையம் 2021-இல் வெளியிட்ட அகராதியில் 10,000 சொற்கள் இருக்கின்றன. மொழிபெயர்ப்பாளர் வருகிறார் என்றால் அவருக்கும் ஸ்லைடு முன்னமே போக வேண்டும்.

பிடிஎஃப் ஆக்கும்போது

நன்றாகச் செய்த ஸ்லைடு பிடிஎஃப் ஆகும்போது கெட்டுப்போவதுண்டு. பிரிண்ட் கொடுத்துப் பிடிஎஃப் எடுத்தால் தலைப்பு, வரிசை, மாற்று உரை எல்லாம் உதிர்ந்துவிடும். சேவ் ஆஸ் வழியாகப் போய், அமைப்புக் குறிகளைச் சேர்க்கும் விருப்பம் தேர்வாகி இருக்கிறதா என்று பார்த்துச் சேமிக்க வேண்டும். தமிழில் இன்னொரு சோதனையும் தேவை. பிடிஎஃப்பிலிருந்து ஒரு வரியை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்க. கொம்பும் காலும் இடம் மாறி, ‘கொ’ பிய்ந்து வந்தால், திரைவாசிப்பானும் அப்படித்தான் படிக்கும். அப்போது பிடிஎஃப்போடு மூல ஸ்லைடு ஃபைலையும் சேர்த்துக் கொடுப்பதே நல்லது.

வேறொருவர் எழுதிய பாடத்தை இப்படி மாற்றிக் கொடுத்தால் காப்பிரைட் பிரச்சினை வருமா என்று ஒரு சந்தேகம் எழும். 2012-இல் பதிப்புரிமைச் சட்டத்தில் செய்த திருத்தம், மாற்றுத்திறனாளிகளின் சொந்த உபயோகத்துக்கும் படிப்புக்கும் ஏற்ற வடிவத்துக்கு மாற்ற அனுமதிக்கிறது. இதே நோக்கத்தோடு 2013-இல் உருவான மராக்கேஷ் உடன்படிக்கையை முதலில் உறுதிசெய்த நாடும் இந்தியாதான்.

சட்டம் என்ன சொல்கிறது

1995 சட்டத்தில் ஏழு வகை மாற்றுத்திறன்கள்தான் இருந்தன. 2016 சட்டம் அதை 21 ஆக்கியது. கற்றல் குறைபாடும் அதில் சேர்ந்தது. மின்னணு ஊடகத்தில் வரும் உள்ளடக்கம் அணுகும் வடிவில் இருப்பதை அரசு உறுதிசெய்ய வேண்டும் என்று அதன் 42-ஆம் பிரிவு சொல்கிறது. மத்தியக் கல்வி அமைச்சகம் 2021 ஜூனில் மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்கான மின்பாடங்களுக்கு வழிகாட்டுதலும் வெளியிட்டது.

சிக்கல் என்னவென்றால், இந்தத் தரங்கள் நடைமுறையில் ஆலோசனையாகவே இருந்தன. 2024 நவம்பர் 8 அன்று ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத்தான் சுட்டிக்காட்டி, கட்டாயத் தரங்களை வகுக்கச் சொன்னது. 2025 ஏப்ரலில் பிரக்யா பிரசூன் வழக்கில், டிஜிட்டல் அணுகல் வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்றும் சொல்லியது.

ரதூரி வழக்கில் நல்சார் பல்கலைக்கழகத்தின் மாற்றுத்திறன் ஆய்வு மையம் ஓர் அறிக்கை கொடுத்தது. அதன் தலைப்பைத் தமிழில் சொன்னால், ‘எல்லோருக்குமான அளவுகளைத் தேடி’. திருப்பூர்ப் பக்கத்து ஆளுக்கு இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. எந்தக் கம்பெனியும் ஒரே சைஸில் வெட்டி, போட முடியாதவர் உடம்பில்தான் குறை என்று சொல்லுவதில்லை. ஆர்டரிலேயே சைஸ் வாரியாக எண்ணிக்கை இருக்கும். கட்டிங்குக்கு முன்னாலேயே அது முடிவாகிவிடும். கட்டிங்கில் விட்டதைப் பேக்கிங்கில் பிடிக்க முடியாது.

எங்கிருந்து தொடங்குவது?

பழைய ஸ்லைடு நூற்றுக்கணக்கில் இருக்கும். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் திருத்த யாராலும் ஆகாது. இனிமேல் செய்கிற ஸ்லைடு முதலிலிருந்தே சரியாக இருக்கட்டும். அடுத்து, இந்தப் பருவத்தில் நடத்தப்போகும் பாடங்கள். அதிலும் யூனிகோடு முதலில், பிறகு தலைப்பு, வரிசை, அப்புறம் பட விளக்கம். எழுத்தே எழுத்தாக இல்லாதபோது படத்துக்கு விளக்கம் எழுதிப் பயனில்லை. ரிவ்யூ பகுதியில் உள்ள செக் ஆக்சஸிபிலிட்டி, விளக்கம் இல்லாத படங்களையும் தலைப்பில்லாத ஸ்லைடுகளையும் பட்டியலிட்டுக் கொடுக்கும். எழுதிய விளக்கம் சரியா என்று மட்டும் அதற்குத் தெரியாது. பாமினி எழுத்தையும் அது பிடிக்காது.

அதற்கு நம் காதுதான் கருவி. என்விடிஏவை நிறுவி, அதிலுள்ள ஸ்பீச் வியூவரைத் திறந்தால் குரலில் வருவதெல்லாம் எழுத்தாகவும் தெரியும். உங்க பாடத்தில் ஐந்து ஸ்லைடை, திரையைப் பார்க்காமல், கண்ணை மூடிக் கேளுங்க. பாடம் புரிந்தால் அனுப்பலாம். புரியவில்லை என்றால் எந்த இடத்தில் அறுந்தது என்று உங்களுக்கே தெரிந்துவிடும். வகுப்பில் மாற்றுத்திறனாளி மாணவர் இருக்கிறார் என்றால் அவரிடமே கேட்டுவிடலாம்: ‘எந்த ஸ்லைடு உங்களுக்கு வரலை?’ எந்த விதிப் புத்தகத்தையும்விட அவர் பதில் சீக்கிரம் வழி காட்டும்.